எலி விஷம் வைத்த அறை

எமில் ஸ்டூல் மேல் ஏறி நின்றபோது அவன் அம்மா அமாலியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பாலர் பள்ளியின் பெரிய கூடம். நடுவில் புத்தாண்டு மரம், அதன் உச்சியில் சிவப்பு நட்சத்திரம். பனித்தாத்தா வேஷம் கட்டியிருந்தவர் அதே பள்ளியில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். பஞ்சுத் தாடி நழுவிக்கொண்டே இருந்ததால் அதை ஒரு கையால் பிடித்தபடி கூவினார்.

"வாடா என் சிங்கமே! ஒரு பாட்டு சொல்லு, மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிடி!"

எமிலுக்கு நாலு வயசு. முயல் பாட்டு ஒன்றை வீட்டில் நடக்கும்போதும் தின்னும்போதும் உருப்போட்டிருந்தான். இப்போது வாயைத் திறந்தான். முயல் வரவில்லை. தாடியைப் பார்த்தான். விளக்குகளைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அழப் போகிறான் என்று அமாலியா எழுந்தாள்.

அவன் அழவில்லை. வேறொரு பாட்டு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு, கணீரென்று, ஜெர்மன் மொழியில் சொன்னான்:

"குட்டி இயேசுவே, வழியெல்லாம் பனி,
என் கிண்ணம் சிறிசு, கொஞ்சம் போதும் இனி."

பியானோ சட்டென்று நின்றது.

ஜெர்மன் தெரியாதவர்களுக்குக்கூட அதிலிருந்த ஒரு பெயர் புரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் கூடத்தில் பாதிப் பேர் இருந்தார்கள். போர்க்காலத்தில் வோல்கா கரையிலிருந்து ரயிலில் ஏற்றி, கரகாண்டாப் பக்கத்துக் கஸாக் புல்வெளியில் இறக்கிவிடப்பட்ட ஜெர்மன் குடும்பங்கள். அந்தத் தாய்மார்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். அவரவர் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டு இருந்தது. அவரவர் பிள்ளை இன்னும் ஸ்டூலில் ஏறவில்லை.

"முயல் பாட்டுதானே? ரொம்ப நல்ல முயல்!" கொதிகலன்காரர் பொட்டலத்தை எமிலின் கையில் திணித்து, இறக்கிவிட்டார். "அடுத்தது யாரு? சீக்கிரம், சீக்கிரம்!"

பியானோவுக்கு முன்னால் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் வாசித்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியை தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

கோட் மாட்டும் அறையில், எமிலுக்கு பூட்ஸ் போட்டுவிடுகிற சாக்கில் குல்யாஷ் குனிந்தாள். ஆயா வேலை பார்க்கும் கஸாக் பெண். தலை நிமிராமலே பேசினாள்.

"நான் சொன்னேன்னு மூச்சு விடாதே. மேடம் போன் பண்ணிட்டாங்க."

"யாருக்கு?"

"வேற யாருக்கு? கல்வி இலாகாவுக்கு. வீட்டுக்கு ஆள் வரும். என்னிக்குன்னு தெரியலை. ஏன்டி, பச்சைப் புள்ளைக்குப் போய் இதைச் சொல்லிக்கொடுப்பாங்களா? எங்க வீட்லயும்தான் நோன்பு இருக்கு. பசங்க தூங்கினப்புறம்தான் அதைப் பத்திப் பேச்சே எடுப்போம்."

ஆள் வந்தால் என்ன ஆகும் என்று அமாலியாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டைப் பார்த்தால் போதும்.

எதிர்வீட்டு ஒட்டீலியாவின் இரண்டு பையன்களையும் போன குளிர்காலத்தில் வேறு ஊர் விடுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். கடவுள் பேச்சே ஆகாத அரசாங்கம்; வீட்டில் ஜெபம் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறாள் என்பது குற்றம். கோடை விடுமுறைக்கு ஒரு வாரம் அனுப்பிவைத்தார்கள். சின்னவன் வாசலில் நின்றுகொண்டு பெற்ற தாயைப் பார்த்து, "அத்தை, உள்ள வரலாமா?" என்று ரஷ்ய மொழியில் கேட்டான். தெருவே கேட்டது அதை.

இந்தப் புத்தாண்டு விடுமுறைக்கும் அவர்களை அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒட்டீலியா இப்போதே திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டிவிட்டாள்.

*

"இந்த வருஷம் வேண்டாம் அமாலியா. விட்டுடு."

அவள் புருஷன் ரைன்ஹோல்ட் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்து சூப்பில் ரொட்டியை முக்கிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் அடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தார்கள்.

"எதை விடணும்?"

"எல்லாத்தையும்தான். மரம், கிண்ணம், என் கோட்டு, உன் மணி. ஒரு வருஷம் இல்லாட்டி குட்டி இயேசு கோவிச்சுக்க மாட்டார்."

"ஒரு வருஷம் விட்டா அடுத்த வருஷமும் விடுவோம். அப்புறம் எமிலுக்கு ஞாபகமே இருக்காது."

"ஞாபகம் இருக்கிறதுதான்டி இப்போ பிரச்சனையே!"

அமாலியா சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளையாக இங்கே வந்து இறங்கிய முதல் வருஷக் கிறிஸ்துமஸுக்கு, மண்ணைத் தோண்டிக் கூரை போட்ட குழிக்குள், அவள் கிண்ணத்தில் அவித்த கேரட் துண்டு இரண்டு இருந்தன. அதைவிடக் குறைவாகத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க அவளால் முடியாது.

"பயப்படாதே. பசங்களை நான் தயார் பண்றேன்," என்றாள்.

தயார் பண்ணினாள். ரைன்ஹோல்டின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் வீட்டுக்குத் தானே அதிகாரியாக வந்தாள். விளையாட்டு ரஷ்ய மொழியில். சரியான பதிலுக்கு ஒரு சர்க்கரைக் கட்டி.

"தம்பி, கிறிஸ்துமஸ்னா என்ன?"

"தெரியாது!"

"பெல்ஸ்னிக்கல் யாரு?"

"சங்கிலி வச்சிருப்பானே, கோட்டு..."

"எமில்!"

"தெரியாது, தெரியாது!"

"யாரு பாட்டு சொல்லிக்கொடுத்தது?"

"தெரியாது!" சர்க்கரையைக் கடித்துக்கொண்டே குதித்தான்.

அக்கா ஃப்ரீடாவுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. அவளுக்கு இது விளையாட்டு என்று தோன்றவில்லை. சர்க்கரையை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

"தப்பா சொன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

அமாலியா ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர்வீட்டுத் திரைச்சீலை வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஃப்ரீடாவும் பார்த்தாள்.

ஆள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் அமாலியா எழுந்து ஓடியதுதான் மிச்சம். ஒரு தடவை பால்காரி, ஒரு தடவை ஒட்டீலியா. அவள் அரைக் கிலோ வெள்ளைச் சர்க்கரை கொண்டுவந்தாள்.

"வச்சுக்கோ. என் பசங்க வர்றதுக்குள்ள நான் திரும்பவும் வாங்கிடுவேன். சின்னவனுக்கு இந்தத் தடவை அத்தைன்னு கூப்பிடற பழக்கம் விட்டுப்போயிருக்கும், இல்லடி?"

"கண்டிப்பா," என்றாள் அமாலியா.

*

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியமே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. வேலியும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. அமாலியாவுக்கு நெஞ்சு லேசானது. இந்தப் புயலில் எந்த அதிகாரி வருவான்?

உள் அறையைப் பூட்டிவைத்தாள். சாவித் துவாரத்தில் துணியை அடைத்தாள், பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் இருக்க. இந்தப் புல்வெளியில் ஊசியிலை மரம் ஏது? சுரங்கத்துக்கு ரயிலில் வருகிற மரங்கள் புத்தாண்டை ஒட்டித்தான் வரும். அதனால் கரகானா முள்செடி ஒன்றை வெட்டிவந்து, பச்சைக் காகிதம் சுற்றி, பஞ்சு ஒட்டியிருந்தாள். அடியில் இரண்டு தகரக் கிண்ணங்கள். தேன் கேக், ஆளுக்கு ஒரு ஆப்பிள், ஒட்டீலியாவின் சர்க்கரையைக் காய்ச்சி ஊற்றிய சேவல் மிட்டாய். எமிலுக்கு மரக் குதிரை, ஃப்ரீடாவுக்குத் துணிப் பொம்மை.

இருட்டினதும் ரைன்ஹோல்ட் வருவான். ஆட்டுத்தோல் கோட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் பூச்சாண்டி பெல்ஸ்னிக்கலாக வந்து, குறும்பு பண்ணின பிள்ளைகள் யார் யார் என்று உறுமுவான். முகத்தில் கரி பூசும் வேலை மட்டும் அவனுக்குக் கிடையாது. அன்றைக்கு சுரங்கத்தில் குளிக்காமல் வந்தால் சரியாகிவிடும். அவன் போனதும் அமாலியா உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி மணி அடிப்பாள். கதவு திறக்கும்.

பிள்ளைகள் சமையலறைப் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது.

"பெல்ஸ்னிக்கல்!" என்று எமில் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான்.

அமாலியா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. தலையிலிருந்து கால் வரை பனி அப்பிய ஒரு பெண், கையில் தோல் பை.

"தமாரா இக்னாத்தியெவ்னா. கல்வி இலாகா, குழந்தைகள் பராமரிப்பு." மூக்கை உறிஞ்சினாள். "உள்ள விடுவீங்களா, இல்ல வாசல்லயே உறைஞ்சு சாகணுமா?"

"வாங்க, வாங்க. இந்தப் புயல்ல..."

"இன்னிக்குத்தான் வரணும். உங்க ஆளுங்களுக்கு இன்னிக்கு என்ன நாள்னு எங்களுக்கு மட்டும் தெரியாதா? எனக்கும் வீட்ல ரெண்டு இருக்கு, காய்ச்சல்ல. டீ இருந்தா கொடுங்க."

கெட்டவளாகத் தெரியவில்லை. அதுதான் அமாலியாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. வந்தவள் டீயை ஊதிக் குடித்தாள். படுக்கை விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"தேன் கேக்கா? நல்லா வாசனை தூக்குதே. என்ன விசேஷம்?"

"புத்தாண்டு வருதில்லையா."

"வருது, வருது." அவள் பார்வை உள் அறைக் கதவில் நின்றது. "அது என்ன, பூட்டியிருக்கு?"

"அந்த அறை ரொம்பக் குளிருங்க. கரி மிச்சம் பண்ணலாம்னு..."

"சுரங்கக்காரர் வீட்ல கரிக்குப் பஞ்சமா?"

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. வந்தவள் எழுந்தாள். கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். சாவித் துவாரத்தில் துணி இருப்பதைக் கண்டுவிட்டாள்.

"சாவியைக் கொடுங்க."

"அங்க எலி விஷம் வச்சிருக்கு."

ஃப்ரீடா. பெஞ்சிலிருந்து இறங்கக்கூட இல்லை. சுத்தமான ரஷ்ய மொழியில், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"அப்பா நேத்து வச்சாரு. மாவுல கலந்து தரை முழுக்கப் போட்டிருக்காரு. தூள் பறக்கும்னு ஓட்டையையும் அடைச்சாரு. தம்பி எதை எடுத்தாலும் வாயில வச்சுக்குவான், அதனாலதான் பூட்டி வச்சிருக்கு. நீங்க பூட்ஸோட போனீங்கன்னா உங்க வீட்டுக்கும் ஒட்டிக்கிட்டு வந்துடும். உங்க பசங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே."

தமாரா இக்னாத்தியெவ்னா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

அமாலியா தன் மகளைப் பார்த்தாள். இந்தப் பொய்யை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

"கெட்டிக்காரிதான்," என்று வந்தவள் திரும்பி உட்கார்ந்தாள். "சரி. நீ பேசினது போதும். இப்போ தம்பி பேசட்டும். இங்க வாடா குட்டி. உன் பேர் என்ன?"

எமில் அம்மாவைப் பார்த்தான். இது அந்த விளையாட்டு என்று புரிந்துவிட்டது. தொப்பி மட்டும்தான் இல்லை.

"தெரியாது!"

"பேர்கூடத் தெரியாதா? உனக்கு எத்தனை வயசு?"

"தெரியாது!"

"இது யாரு?" அமாலியாவைக் காட்டினாள்.

"தெரியாது!" சர்க்கரைக் கட்டிக்காக உள்ளங்கையை நீட்டினான்.

வந்தவள் அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் அமாலியாவைப் பார்த்தாள்.

"நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க. ரொம்ப நல்லா." குரலில் இருந்த சளி போய்விட்டது போலிருந்தது. "இப்படித் தயார் பண்ற வீட்டுப் பசங்களை நாங்க அங்கயே விட்டுட்டுப் போறதில்லை."

அப்போதுதான் வெளியே சங்கிலி கேட்டது.

ஜல்... ஜல்... சுவரோரமாக, ஜன்னலுக்குக் கீழே, வாசலை நோக்கி. கூடவே ஒரு உறுமல். எமிலின் கண்கள் விரிந்தன. வாய் திறந்தது. இன்னும் ஒரு கணம் போயிருந்தால் அந்தப் பெயர் வெளியே வந்திருக்கும்.

ஃப்ரீடா பாய்ந்தாள். தம்பியின் வாயை ஒரு கையால் பொத்தி இழுத்துக்கொண்டே போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் ஆட்டுமயிர் மலை போல ஒரு உருவம். கரிய முகம், தோளில் கோணிப்பை.

"அப்பா!" ரஷ்ய மொழியில், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நாய் மறுபடியும் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடிருச்சா?"

இந்த வீட்டில் யாரும் ரைன்ஹோல்டிடம் ரஷ்ய மொழியில் பேசுவதில்லை. உறுமல் தொண்டையிலேயே செத்தது. மகளின் தலைக்கு மேலாக அந்தத் தோல் பையைப் பார்த்தான்.

"ஆமாம்மா," என்றான் மெதுவாக. "அறுத்துக்கிட்டு ஓடிருச்சு."

"கோட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க," என்றாள் தமாரா இக்னாத்தியெவ்னா.

"பனி ஒட்டாம இருக்கும்னு."

"குளிக்கலையா?"

"சுடுதண்ணி வரலைங்க."

எமில் அந்தக் கரிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் விரல்களுக்கு மேலே அவன் கண்கள் அசையவில்லை. பெல்ஸ்னிக்கலுக்கு அப்பாவின் குரல் இருந்தது.

வந்தவள் பென்சிலை எடுத்தாள். "கடைசியா ஒரே ஒரு கேள்வி. இதுக்கு நேரான பதில் வந்தா நான் கிளம்பறேன். வராட்டி நாளைக்கு வண்டியோட வருவேன். பள்ளிக்கூடத்துல பையன் சொன்ன பாட்டு. யாரு சொல்லிக்கொடுத்தது?"

ரைன்ஹோல்ட் ஒரு அடி முன்னால் வந்தான். அமாலியா தொண்டையைச் செருமினாள். இருவரும் அதே வார்த்தையைச் சொல்லத்தான் தயாரானார்கள்: நான்.

அதற்குள் ஃப்ரீடா சொல்லிவிட்டாள்.

"எதிர்வீட்டு ஒட்டீலியா அத்தை. அம்மா கடைக்குப் போனப்போ தம்பியைப் பார்த்துக்க வந்தாங்க. அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சதும் அம்மா அடிச்சாங்க அவனை."

பென்சில் நின்றது. "ஒட்டீலியா... கெர்லிங்கா? அந்த வீடா?" பெருமூச்சு விட்டாள். "திருந்தவே மாட்டாளா அவ? பசங்களை லீவுக்கு அனுப்பச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன்." அமாலியாவை நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ணு சொல்றது நிஜமா?"

அமாலியா வாயைத் திறந்தாள்.

எமிலின் உள்ளங்கை இன்னும் சர்க்கரைக்காக விரிந்தே இருந்தது. சின்னக் கை. நகமெல்லாம் சுத்தம்.

"நிஜம்தான்," என்றாள்.

*

கதவு சாத்தப்பட்டது. பூட்ஸ் சத்தம் புயலில் கரைந்தது.

"நாளைக்கு நான் போய்ச் சொல்லிடறேன்," என்றான் ரைன்ஹோல்ட். "நான்தான் சொல்லிக்கொடுத்தேன்னு."

"சொன்னா?"

அவன் பிள்ளைகளைப் பார்த்தான். கோணிப்பையைக் கீழே வைத்தான்.

அமாலியாவுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. உள் அறைக்குள் போனாள். மூன்று தீக்குச்சிகள் வீணாயின. முள்செடியில் மெழுகுவர்த்திகள் பற்றிக்கொண்டன. பச்சைக் காகிதம் மினுங்கியது. மணியை அடித்தாள். கதவை அகலத் திறந்தாள்.

"வாங்க, வாங்க! குட்டி இயேசு வந்துட்டுப் போயிட்டார், ஓடி வாங்க!"

பிள்ளைகள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுந்தது. எமில் எழப் போனான். ஃப்ரீடா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்க எலி விஷம் இருக்கு," என்றாள். ரஷ்ய மொழியில்.

"அவங்க போயிட்டாங்கடி. இனிமே வர மாட்டாங்க."

"எலி விஷம் இருக்கு."

"ஃப்ரீடா, கண்ணு, நீயே சொன்ன பொய்தானே அது?"

ஃப்ரீடா அம்மாவைத் தாண்டி, மெழுகுவர்த்தி எரிகிற மரத்தை, அதன் அடியில் இருந்த துணிப் பொம்மையை ஒரு தடவை பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள், பாலர் பள்ளியில் அந்தத் தாய்மார்கள் பார்த்த மாதிரி.

அமாலியா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். மண்டியிட்டாள்.

"எமில், பாரு, சேவல் மிட்டாய். உன் கிண்ணம்டா இது. உன் கிண்ணம்தானே?"

எமில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மிட்டாயைப் பார்த்து எச்சில் விழுங்கினான். அக்காவைப் பார்த்தான்.

"தெரியாது," என்றான்.

கதவு தட்டப்பட்டது.

மறுபடி தட்டும் சத்தம். மெதுவாக, பழகின கை.

"அமாலியா? நான்தான்டி, ஒட்டீலியா." புயலுக்கு மேலாகக் குரல் வந்தது. "யாரோ வந்தாங்களே, போயாச்சா? ஒண்ணும் ஆகலையே? பசங்களுக்குக் கையுறை பின்னினேன். என் ரெண்டுக்கும் பின்னின கம்பளியில மிச்சம் இருந்துச்சு. கதவைத் திறயேன், கை விறைக்குது."

ரைன்ஹோல்ட் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். திருப்பிப் போட்ட கோட்டிலிருந்து பனி உருகிச் சொட்டியது. ஃப்ரீடா உதட்டில் விரலை வைத்து, அம்மாவைப் பார்த்தாள்.

"அமாலியா? வெளிச்சம் தெரியுதே. மரம் ஏத்திட்டீங்களா? நான் உள்ள வந்து பார்த்துட்டு மட்டும் போறேன்."

அமாலியா எழுந்தாள். சத்தம் போடாமல் உள் அறைக்குப் போய், ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக விரலாலேயே கிள்ளி அணைத்தாள். திரும்பி வந்து, சமையலறை விளக்கையும் அணைத்துவிட்டு, இருட்டில் பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளை இறுக்கிக்கொண்டாள்.

வெளியே கொஞ்ச நேரம் நின்ற காலடி, பிறகு திரும்பிப் போனது.

எமில் அவள் காதருகே வாயைக் கொண்டுவந்தான். அதிகாரி வந்துபோனதற்கப்புறம் முதல் தடவையாக ஜெர்மனில் கிசுகிசுத்தான்.

"யாரும்மா அது?"

"தெரியாது," என்றாள் அமாலியா.